வாசல் பக்கம், ஜன்னல் பக்கம்

அப்புவுக்கு,

இந்தக் கடிதத்தை உறையை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். கொண்டுவரும் ஆட்டோக்காரர் படித்தாலும் சரி, உன் குவார்ட்டர்ஸ் வாட்ச்மேன் படித்தாலும் சரி, பெட்டி கட்ட உதவிக்கு வந்திருக்கும் உன் வார்டு கூட்டாளிகள் சுற்றி உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சொல்லப்போனால் அவர்கள் படிக்கட்டும். இன்று ஏழு மணி பஸ்ஸில் நீ சென்னைக்குப் போகிறாய். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய பதவி. ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததை அன்றாட நர்ஸ் வேலையில் எப்படிக் கொண்டுவருவது என்று மற்ற நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதிகாரியாம். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சிரிப்பு வந்தது, வாய்விட்டே சிரித்தேன். இருபது நாளாக நீ நாகல் நகரில் நம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, நானும் வா என்று கூப்பிடவில்லை. இப்போது மணி இரண்டு. உன் அப்பாவை ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான்கு மணி வரைக்கும் எனக்கு எழுத நேரம் இருக்கிறது.

உன் எம்.எஸ்சி. ஆராய்ச்சிப் புத்தகம் இங்கே அலமாரியில்தான் இருக்கிறது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போட்டால் படுக்கைப் புண் குறையும் என்பதை நூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய். அதற்காக உன்னை மாநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கழுத்தில் மாட்ட ஒரு அட்டையும் தோளில் மாட்ட ஒரு துணிப்பையும் கொடுத்தார்கள். அங்கே ஒருவருக்கு ஒருவர் கைதட்டிக்கொண்டு, மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்தீர்கள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அந்த ஹாலில் ஒரு நோயாளிகூட இல்லை என்பது உங்களில் யாருக்காவது உறைத்ததா? அந்தத் துணிப்பையில்தான் நான் இப்போது மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்குகிறேன். உறுதியான பை. அந்த மாநாட்டில் உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

உன்னைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்கிறேன். யாரை முதலில் திட்ட வேண்டும் என்ற முறை தெரிந்தவள்தான் நான். தொண்ணூறுகளில் நான் இந்த ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் சிஸ்டராக இருந்தது உனக்குத் தெரியும். நான் அங்கே எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தேன் என்பது தெரியாது. அப்போது வார்டில் எனக்கு ஒரு பட்டம் இருந்தது, கைராசிக்காரி. எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்குக் காலையும் மாலையும் முதுகில் ஸ்பிரிட் தடவி, தேய்த்து, மேலே பவுடர் போட்டுவிடுவோம். யார் தேய்த்தாலும் நோயாளி முனகுவான், நான் தேய்த்தால் தூங்கிப்போவான். "அந்த சிஸ்டர் கை பட்டாப் போதும், பாதி நோவு போயிரும்" என்று வேடசந்தூர் வரைக்கும் பேச்சு. எந்த இடத்தில் தோல் நிறம் மாறுகிறதோ அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன், ரத்தம் ஓடட்டும் என்று. எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். யாராவது ஒருவர் அதைச் சரிபார்த்தாரா என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை. புகழ் இருந்தது, அது போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் செல்வி வேலைக்குச் சேர்ந்தாள். எரியோடு ஊர்க்காரி, படிப்பை முடித்து ஆறு மாதம்கூட ஆகாதவள், ஒல்லியாக, பேசும்போது தரையைப் பார்க்கிற பெண். அதே வாரம் தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து குப்புசாமி என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கூட இருந்து பார்த்தது அவர் மனைவி ராமாத்தாள். பத்து நாளில் குப்புசாமிக்கு நடு இடுப்பு எலும்பின் மேலே தோல் கருக்க ஆரம்பித்தது. நான் ஸ்பிரிட் பாட்டிலோடு போய் நின்றபோது செல்வி நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினாள்.

"சிஸ்டர், நெறம் மாறுன எடத்துல தேய்க்கக் கூடாதாம். உள்ள ஏற்கனவே சதை நசுங்கிக் கெடக்குமாம், தேய்ச்சா இன்னும் கிழிஞ்சு போகுமாம். பாரம் படாமப் பக்கம் மாத்தி மட்டும் போடணுமாம். எங்க டீச்சர் குடுத்தாக."

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். சிவந்த தோல் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. "ஏ புள்ள, இது வெள்ளக்காரன் தோலுக்கு எழுதுனது. இங்க எங்கிட்டுச் செவந்திருக்கு?" என்று கேட்டேன். வார்டே சிரித்தது.

"அதான் சிஸ்டர். நம்ம ஆளுகளுக்குச் செவப்பாத் தெரியாது, கருப்பாத்தான் தெரியும். பொறங்கைய வச்சுப் பாருங்க, அந்த எடம் மட்டும் சூடா இருக்கு."

இதைக் கவனி. அந்தத் தாளில் இல்லாததை அவள் சொன்னாள். எங்கோ யாரோ கண்டுபிடித்ததை எடுத்து, நம் ஊர்த் தோலுக்குத் தக்கபடி மாற்றி, புறங்கையால் தொட்டு, ஒரு ஆளின் முதுகில் கொண்டுவந்து வைத்தாள். நீ தங்க எழுத்தில் அச்சடித்துக் கைதட்டு வாங்கியதை அவள் அந்த ஒரு நிமிஷத்தில் செய்து முடித்தாள். நான் புறங்கையை வைத்துப் பார்க்கவில்லை. "நீ பொறக்கையில இருந்து நான் முதுகு தேய்க்கிறேன். எனக்குப் பேப்பர் காட்ட வந்துட்டியாக்கும்?" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை என் மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டேனா? அவளுக்குக் காட்டுவதற்காகவே குப்புசாமிக்குக் காலை, மாலை என்று இருந்ததை மத்தியானமும் சேர்த்து மூன்று தரமாக்கினேன்.

"ஏனுங்க சிஸ்டர், கருத்துக்கிட்டே போகுதுங்களே?" என்று ராமாத்தாள் கேட்டது. உள்ளே இருக்கும் கெட்டது வெளியே வருகிறது என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது பார். நான்காவது நாள் தோல் பிய்ந்தது. அப்புறம் குழி விழுந்தது. மஞ்சள் வை, முட்டை வெள்ளைக்கரு வை என்று ஆளாளுக்கு யோசனை, எல்லாவற்றையும் வைத்தோம். எலும்பு தெரிந்தது. காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. மரத்திலிருந்து விழுந்தும் சாகாத மனுஷன், கட்டிலில் கிடந்து அந்தப் புண்ணின் காய்ச்சலில் செத்தார். உடம்பை வண்டியில் ஏற்றும்போது ராமாத்தாள் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டது. "உங்க கைராசியிலதானுங்க இத்தன நாள் உசுரோட இருந்தாருங்க. இல்லாட்டி அன்னிக்கே போயிருப்பாருங்க" என்று சொல்லி அழுதது. செல்வி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தரையைப் பார்த்தாள்.

மேஜைக்குத் திரும்பி வந்து டம்ளரை நகர்த்தி அந்தத் தாளை எடுத்தேன். டீக்கறை வட்டம் வட்டமாக ஏறியிருந்தது. அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இதை எழுதியவர்களும் ஒரு காலத்தில் என்னைப் போலத் தேய்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். தேய்த்துப் பார்த்து, எண்ணிப் பார்த்து, நாங்கள் செய்தது தப்பு என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆராய்ச்சி என்றால் என் அறிவுக்கு எட்டினது அவ்வளவுதான் அப்பு, தன் கை செய்த தப்பை மறைக்காமல் எழுதுவது. எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. குப்புசாமியின் கேஸ் ஷீட்டில் முதுகுப் பராமரிப்பு தினம் மூன்று வேளை ஒழுங்காகச் செய்யப்பட்டது என்று என் கையெழுத்தில் இன்னும் இருக்கும்.

அப்புறம் நான் மாற்றப் பார்த்தேன். அந்தக் கூத்தையும் கேட்டுக்கொள், சென்னையில் உனக்கு உதவும். மேட்ரனிடம் போய் இனிமேல் ஸ்பிரிட்டும் பவுடரும் வேண்டாம் என்றேன். "இந்த மாசம் வேணாம்னா அடுத்த மாசம் ஸ்டோர்ல தரமாட்டாக, பேசாம வாங்கி வை" என்றார். பெரிய டாக்டரிடம் போனேன். அவர் நிமிராமலே, "நர்சுகளுக்கு எதுக்கும்மா இந்த ஆராய்ச்சியெல்லாம்? ஊசி நேரத்துக்குப் போட்டாப் போதும்" என்றார். புண்ணைத் தன் கையால் ஒரு தரம் துடைத்திராத மகராசன். நோயாளிகளின் சொந்தக்காரர்களோ, தேய்த்துவிடாத சிஸ்டர் சோம்பேறி சிஸ்டர் என்று என் காதுபடவே பேசினார்கள். பவுடர் டப்பா மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்தது. வேலைக்காரப் பிள்ளைகள் அதைக் கேரம் போர்டுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் வார்டில் ஆராய்ச்சியால் முதலில் பலனடைந்தது அந்தக் கேரம் போர்டுதான்.

செல்வியும் நானும் சேர்ந்து ஒரு அட்டவணை போட்டோம். எந்த மணிக்கு எந்தப் பக்கம் என்று கட்டம் கட்டி ஒவ்வொரு கட்டிலிலும் மாட்டினோம். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. உண்மையில் நோயாளிகளைப் புரட்டுவது நாங்கள் இல்லை, லூர்தம்மாள்தான், எங்கள் வார்டு ஆயா. நான் அட்டையைக் காட்டிக் கத்தினேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இந்தா பாரு சிஸ்டரு, எனக்கு எழுத்தும் தெரியாது, கட்டமும் தெரியாது. இத்தன மணிக்கு மூஞ்சி எங்கிட்டு இருக்கணும், வாசப் பக்கமா சன்னல் பக்கமா, அத மட்டும் சொல்லு. நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். பத்து மணிக்கு எல்லா முகமும் ஜன்னல் பக்கம். பன்னிரண்டுக்கு எல்லா முகமும் வாசல் பக்கம். இரண்டுக்கு மறுபடி ஜன்னல். கதவில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், வேலை நடந்திருக்கிறதா இல்லையா என்று சோறு கொண்டுவருகிறவனுக்குக்கூடத் தெரியும். முகத்தை முன்கூட்டியே திருப்பிவைத்துவிட்டுப் போக முடியாது பார். அடுத்த வருஷம் முழுக்க எங்கள் வார்டில் எலும்பு தெரிகிற புண் ஒன்றுகூட இல்லை. அதை யாரும் எழுதவில்லை, யாருக்கும் பையும் கிடைக்கவில்லை.

இரு, மணி நான்காகப் போகிறது. அவரைத் திருப்பிவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். ஒற்றை ஆளாகச் செய்கிறேன். குறுக்கே போட்ட துணியைப் பிடித்து இழுத்து, இரண்டு முழங்காலுக்கு நடுவே தலையணை, முதுகுக்கு ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு ஒன்று. என் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அறுபத்திரண்டு வயதில் பிடிக்காமல் என்ன செய்யும். இப்போது அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, உன் வார்டிலேயே சேர்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். என் பையன் இன்சார்ஜாக இருக்கிற வார்டு என்று பெருமை. ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் மத்தியானம் நான் சோற்றுக் கேரியரோடு வந்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. அவர் மல்லாந்து கிடந்தார். "ஏங்க, காலையிலயிருந்து யாராச்சும் திருப்பிப் போட்டாகளா?" என்று கேட்டேன். "எதுக்கு? எனக்கு ஒண்ணும் செய்யல. பய ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போனான்" என்றார், முகமெல்லாம் பெருமையாக. கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்தேன். அழகான அட்டை, நீ வடிவமைத்தது, மூன்று நிறத்தில் அச்சு. பத்து மணி இடது, பன்னிரண்டு வலது, இரண்டு இடது. அதோடு நின்றிருந்தால்கூட ஏதோ ஒரு சோம்பேறித்தனம் என்று விட்டிருப்பேன். நான்கு மணி வலது, ஆறு மணி இடது, எட்டு மணி வலது. இன்னும் வராத நேரத்துக்கெல்லாம் டிக். ஒவ்வொரு டிக்குக்குப் பக்கத்திலும் உன் இனிஷியல்.

நான் அவரைப் புரட்டிப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். குப்புசாமிக்கு வைத்துப் பார்க்காத அதே கை. கருத்திருந்தது, சூடாக இருந்தது, விரலால் அழுத்தினால் நிறம் மாறவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் பெண்ணை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். அது பயந்துபோய், "சார்தாம்மா டூட்டி ஆரம்பத்துலயே எல்லாத்தையும் போட்டு வச்சிருவாரு, இன்ஸ்பெக்ஷன் வருதுல்ல" என்றது. நீ வந்தாய். கழுத்தில் அந்த மாநாட்டு அட்டை வேறு தொங்கியது. "அம்மா, அது டாக்குமென்டேஷன்மா, உனக்குப் புரியாது" என்றாய். என்ன வார்த்தை அது! எனக்குப் புரியாதா? முதுகுப் பராமரிப்பு மூன்று வேளை ஒழுங்காகச் செய்யப்பட்டது என்று எழுதினவள்டா நான். உன்னைவிடப் பழைய திருடி. ஆனால் நான் தெரியாமல் தேய்த்தேன். நீ நூற்றுச் சொச்சம் பக்கம் தெரிந்துகொண்டு பெற்ற தகப்பனைத் திருப்பாமல் விட்டாய். உன்னை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று அன்று வராந்தாவில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அதை இப்போதும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

முப்பது நோயாளிக்கு இரண்டு பெண்கள், நான் என்ன செய்ய என்று நீ கத்தினாய். அது நிஜம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அப்படியானால் கட்டத்தைக் காலியாக விட்டிருக்க வேண்டும். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவன் நாற்பது காலிக் கட்டத்தைப் பார்த்திருந்தால், ஏன் என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பான். ஆள் பற்றாது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு பெண்களுக்கு வேலை கிடைத்திருக்கும், இல்லாவிட்டால் உன் வேலை போயிருக்கும். இரண்டில் எது நடந்திருந்தாலும் உன்னை நான் மெச்சியிருப்பேன். நீ எல்லாவற்றையும் நிரப்பினாய். எல்லாம் பிரமாதம் என்று அவர்கள் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் சென்னை வேலை வாங்கியிருக்கிறாய். என் கைராசியும் உன் இனிஷியலும் ஒரே ரகம். இரண்டையும் ஜனங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

மறுநாளே நான் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். வந்த மூன்றாம் நாள் தோல் பிய்ந்தது. ஒரு ரூபாய் அகலம். பக்கத்து வீட்டில் பவுடர் கொண்டுவந்து கொடுத்தார்கள், வாங்கி அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்புகிறேன், ராத்திரிக்கும் அலாரம் வைத்திருக்கிறேன். நேற்றுத்தான் ஓரத்தில் புதுச் சதை தெரிந்தது. செல்வியை வரச்சொல்லிக் காட்டினேன். அவள் இப்போது நர்சிங் ஸ்கூலில் டீச்சர், இன்னும் தரையைப் பார்த்துத்தான் பேசுகிறாள். "ஆறிரும் சிஸ்டர், உங்க கைராசி" என்றாள். கிண்டல்தான். இத்தனை வருஷம் பொறுத்திருந்து சொன்னாள், எனக்கு அது வேண்டியதுதான்.

நீ டிக் போட்ட அந்த அட்டை என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்குக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். யாரிடமும் காட்டவில்லை, உன் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு ஏன் புண் வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. வயதாகிவிட்டது, வரத்தான் செய்யும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பையன்களின் பொய்யைக் கண்டுபிடித்த மனுஷன், உன்னிடம் மட்டும் ஏமாந்தார்.

சற்றுமுன் திருப்பும்போது, "பய இன்னிக்குத்தான போறான்? சொல்லிக்கிட்டுப் போக வருவான்ல?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப வாசப் பக்கமே செத்த நேரம் கூட வச்சிரு. ஆறு மணிக்குத் திருப்பாத. அவன் வந்தா எனக்குத் தெரியணும்ல" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். குப்புசாமி எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. யார் கெஞ்சினாலும் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம்தான்.

மணி நாலரை. ஆட்டோவில் இது உன்னிடம் வர கால் மணி நேரம் ஆகும், நீ படிக்க இன்னொரு கால் மணி. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை, சென்னைக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு முன்னால் வா. அவர் முகம் வாசல் பக்கம் இருக்கிறது, உள்ளே வரும்போதே உன்னைப் பார்ப்பார். மணி ஆறு அடித்ததும் உன் கையால் அவரை ஜன்னல் பக்கம் திருப்பு. தலையணைகளை எங்கே வைக்க வேண்டும் என்று உன் புத்தகத்தில் அறுபத்திநாலாம் பக்கத்தில் படம் போட்டிருக்கிறாய். திருப்பி முடித்ததும் அந்த அட்டையை உன்னிடம் தருகிறேன், சென்னைக்குக் கொண்டுபோய் உன் மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொள். நீ வரவில்லை என்றால் ஆறு மணிக்கு நான் திருப்பிவிடுவேன். அதற்குப் பிறகு வந்தால் அவருடைய முதுகைத்தான் பார்ப்பாய்.

அம்மா